நாற்பத்தொன்றாம் எண் கண்ணாடி

கோரினுக்கு அது கண்ணில் பட்டபோது மணி மூன்றரை. அதற்குள் மூன்றரை மணி நேரமாக அது ஊர் முழுக்கத் திறந்து கிடந்திருந்தது.

கடைவீதிச் சங்கத்தின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கான காகிதங்கள் வழக்கம்போல வெள்ளி நண்பகலில் நகராட்சியின் இணையப் பக்கத்தில் ஏறியிருந்தன. அவளே தயாரித்து அவளே அனுப்பியவை. ஆறாவது பொருள், குளிர்காலத்தில் படம் ஒட்டி மறைக்க வேண்டிய காலிக் கடைகளின் கண்ணாடிகள். நான்கு முகவரிகள் இருந்தன. மூன்று கடைகள் உண்மையிலேயே காலி. நான்காவது, குவீன் தெரு 41. அது காலியில்லை. இந்த நேரத்தில் அங்கே மேவிஸ் டிரெல்ஃபோர்ட் யாருடைய காலையாவது மடியில் வைத்துக்கொண்டு பூட்ஸ் மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோரின் தனக்கென்று வைத்திருந்த பட்டியலை அனுப்பிவிட்டாள். அனுப்ப வேண்டிய பட்டியல் பக்கத்திலேயே இருந்தது.

அவள் நகராட்சி எழுத்தரை ஃபோனில் கூப்பிட்டாள்.

"ஏறினது ஏறினதுதான், கோரின். இறக்க முடியாது. கூட்டத்துல திருத்தம் போட்டுக்கலாம்."

"ஒரே ஒரு வரிதான்."

"எல்லாரும் ஒரே ஒரு வரின்னுதான் சொல்றாங்க."

கில்மார் நகர மையக் கடைவீதி மேம்பாட்டுச் சங்கம் என்பது முழுப் பெயர். ஊரில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. சங்கம் என்றால் போதும். கடைவீதியில் கட்டடம் வைத்திருப்பவர்களும் கடை நடத்துகிறவர்களும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதில் உறுப்பினர்கள்தான். பூத்தொட்டிகளைத் தொங்கவிடுவது, அக்டோபரில் விளக்குக் கம்பங்களில் அலங்காரத்துக்குச் சோளத்தட்டை கட்டுவது, கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குத் தெருவை மறிப்பது, பனி அள்ளும் வண்டி யார் கடை வாசலில் பனியைக் குவித்தது என்ற சண்டையைத் தீர்ப்பது எல்லாம் சங்கத்தின் வேலை. அதன் ஒரே சம்பள ஆள், ஒருங்கிணைப்பாளர் கோரின் ஹாஃப்ஸ்ட்ரா.

காலிக் கடைகளின் கண்ணாடியில் படம் ஒட்டும் யோசனை அவளுடையது. முழுக் கண்ணாடிக்கும் ஒரே தாள். அதில் ஒரு ரொட்டிக்கடை, அல்லது பூனை தூங்கும் ஒரு புத்தகக்கடை, இல்லாத விளக்குகளின் மஞ்சள் ஒளி. போன கோடையில் டொரான்டோவிலிருந்து வந்த ஒருவர் படத்திலிருந்த கதவுப் பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அதை அவள் வருடாந்தரக் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. காலி என்பதை மறைப்பதில் தனக்கு இவ்வளவு திறமை இருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வயதுவரை அவளுக்குத் தெரியாது.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். மேவிஸுக்கு இதையெல்லாம் இணையத்தில் தேடிப் படிக்கும் பழக்கம் இல்லை. ஆனால் படிக்கிறவர்கள் ஊரில் இருபது பேராவது உண்டு. அவர்களில் ஒருவருக்காவது நாளைக் காலையில் ஷூ லேஸ் தேவைப்படும்.

நடக்கும்போது, என்ன சொல்ல வேண்டும் என்பதைவிட எதைச் சொல்லாமல் விடலாம் என்றே மனம் கணக்குப் போட்டது. அதை அவள் கவனித்தாள். கவனித்தும் நிறுத்தவில்லை.

சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது, செப்டம்பரில் கட்டடச் சொந்தக்காரர் லோர்ன் பெக்கர் அவளிடம் சொன்னது. டிசம்பரோடு மேவிஸின் குத்தகை முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை, பக்கத்து லண்டன் நகரத்திலிருந்து ஒரு கண் மருத்துவமனை வருகிறது, வசந்தம் வரை உள்ளே வேலை நடக்கும். "நன்றித் திருநாள் முடியட்டும், நானே அவகிட்டப் பேசறேன். அதுவரைக்கும் உன்னோட இருக்கட்டும்" என்றார் லோர்ன். அக்டோபர் நன்றித் திருநாள் முடிந்து பதினொரு நாள் ஆகிவிட்டது. அவர் பேசவில்லை.

இரண்டாவது, மே மாதம் கோரின் லோர்னிடம் சொன்னது.

பூத்தொட்டி மாட்டும் கொக்கிகளை எண்ணிக்கொண்டு இருவரும் தெருவில் நடந்தார்கள். லோர்ன் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். மேவிஸின் கடை முன்னால் வந்ததும் கோரின் நின்றாள். அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் மஞ்சள் பிளாஸ்டிக் தாள் ஒன்று தொங்கும். வெயிலில் தோல் வெளுத்துவிடாமல் இருக்க பழைய ஷூ கடைகளில் போடுவது. அதன் வழியே பார்த்தால் உள்ளே இருக்கும் எல்லாம் ஆறிப்போன தேநீரில் மூழ்கிக் கிடப்பதுபோல் தெரியும். "அந்தக் கண்ணாடி இருக்கே லோர்ன், தெருவையே கீழ இழுக்குது. செத்துப்போனது தெரியாம நிக்கிற கடை மாதிரி" என்றாள் கோரின். லோர்ன் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. பிறகு அடுத்த கொக்கியை எண்ணினார்கள்.

செப்டம்பரில் அவர் விஷயத்தைச் சொன்னபோது, "நீ சொன்னது சரிதான்" என்று ஆரம்பித்தார். எது என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் முதலில் வந்தது என்ன என்பதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. மேவிஸின் முகம் வரவில்லை. வெள்ளை வெளேரென்ற புதுக் கண்ணாடி வந்தது. அதன் மேல் நீல எழுத்துகள், வாசலில் இரண்டு செடிகள். ஒரு சந்தோஷம், குழந்தைக்குப் பரிசுப் பொட்டலம் கிடைத்ததுபோல. மேவிஸின் முகம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அன்று மாலையே 41-ஐப் பட்டியலில் எழுதி வைத்தாள்.

கடையில் மேவிஸ் ஒரு விவசாயியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அறுபத்து மூன்று வயதிலும் அவள் அப்படித்தான் உட்காருவாள்.

"பாருங்க, மேலிடத்து அம்மா நேர்ல வந்திருக்காங்க" என்றாள் கோரினைப் பார்த்து. "என் வாசல்ல யாராவது சைக்கிள் நிறுத்திட்டாங்களா?"

"இல்ல மேவிஸ்."

"அப்ப வாசல் அலங்காரப் பூசணிக்காய். என் பூசணிக்காய் உன் திட்டப்படி இல்ல."

"இவங்களுக்குப் பதில் சொல்லாதீங்க" என்றார் விவசாயி கோரினிடம். "நான் பத்தரை அளவுன்னு சொல்றேன், இவங்க பதினொண்ணுதான்னு அடம் பிடிக்கிறாங்க. என் கால், எனக்குத் தெரியாதா?"

"உங்க கால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வயித்தத் தாண்டிப் பாத்து எத்தன வருஷம் ஆச்சு?"

அவர் சிரித்துக்கொண்டே பதினொன்றை வாங்கிப் போனார். மணி அடித்துக் கதவு மூடியது. மேவிஸ் நாற்காலியைப் பிடித்து எழுந்து, கோரினின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு செத்தா?"

"யாரும் இல்ல. உக்காரு."

கோரின் முதலாவதைச் சொன்னாள். குத்தகை, கண் மருத்துவமனை, டிசம்பர், பட்டியல், தன் தவறு, இணையப் பக்கம். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேவிஸ் ஒரு ஷூவின் உள்ளே திணித்திருந்த காகிதத்தை எடுத்து, பிரித்து, மறுபடி உருட்டி, மறுபடி உள்ளே வைத்தாள்.

"லோர்ன் சொல்லச் சொன்னானா?"

"இல்ல. சொல்ல வேணாம்னுதான் சொன்னாரு."

"அப்ப நீயாத்தான் வந்திருக்க."

"ஒரு மாசமா எனக்குத் தெரியும், மேவிஸ். நான் முன்னாடியே..."

"வந்தியே." மேவிஸ் அவள் கையைப் பிடித்தாள். அவள் விரல்களில் எப்போதும்போல் பாலிஷ் வாசனை. "முப்பத்தோரு வருஷமா அவனுக்கு வாடகை கொடுக்கறேன். என் புருஷன் செத்தப்ப சவப்பெட்டியத் தூக்கினவன். அவன் வரல. நீ வந்த. எல்லாரும் பேசுவாங்க, கோரின். நேர்ல வந்து நிக்கறது ஒருத்தியோ ரெண்டு பேரோ."

இப்போது சொல்ல வேண்டும். கோரினுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன. ஆனால் அந்தக் கை அவள் கைமேல் இருந்தது. அதை எடுத்துவிட்டால் பிறகு அது வராது. இன்னும் ஒரு நிமிடம் இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்த நிமிடம் முடிந்ததும் இன்னொன்று.

"செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வரேன்" என்றாள் மேவிஸ். "பேச எவ்வளவு நேரம் தருவீங்க?"

"அஞ்சு நிமிஷம்."

"போதும். எனக்கு அதுக்கு மேல கோபப்படத் தெரியாது."

சனிக்கிழமை காலை லோர்ன் கூப்பிட்டார். அவர் திட்டுவார் என்று கோரின் எதிர்பார்த்தாள். திட்டினார்தான்.

"என்ன பொண்ணு நீ? ஒரு விஷயத்த வயித்துல வச்சுக்கத் தெரியாதா? நேத்து ராத்திரி ஏழு பேரு எனக்கு ஃபோன் பண்ணிட்டாங்க."

"நீங்க அவகிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொல்லத்தான் போனேன். ரெண்டு தடவ போனேன். போறப்பல்லாம் ஏதாவது ஷூவ மாட்டி விட்டுடறா. இந்த மாசத்துல ரெண்டு ஜோடி வாங்கியிருக்கேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "கவலப்படாத. உன் பேர நான் இழுக்க மாட்டேன். நீ சொன்னதுக்காக மட்டும் இதப் பண்ணல. ஆனா ஒண்ணு, நீ சொன்னப்புறம்தான் அந்தக் கண்ணாடி என் கண்ணுலயே பட்டுது. முப்பது வருஷமா பாத்திருக்கேன், பாக்கல. அது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்."

அவள் நன்றி என்று சொல்லிவிட்டாள். ஃபோனை வைத்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டைச் சுத்தம் செய்தாள். கைகள் வேலை செய்யும்போது மனம் நியாயம் தேடியது. அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடி அழுக்காகத்தான் இருந்தது. தெருவைக் கவனிப்பது அவள் வேலை. லோர்ன் வளர்ந்த மனிதர், தன் முடிவைத் தானே எடுத்தவர். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்த நியாயங்களை அவள் மேவிஸின் முன்னால் சொல்லிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்ட உடனே ஒவ்வொன்றும் குரல் மாறிப் போயிற்று.

நான்கு வருடங்களுக்கு முன் ஊர்ப் பத்திரிகை மூடியபோது கோரினுக்கு வேலை போனது. அந்த வருடமே கணவனும் விட்டுப் போனான். இந்தச் சங்க வேலைக்கு அவளைச் சொன்னது மேவிஸ். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லா நாளும் மதியம் அந்தக் கடையின் பின்னறையில் சூப் குடித்திருக்கிறாள். ஆயிரம் நாளாவது இருக்கும். ஆயிரம் நாளும் அந்த மஞ்சள் தாளைக் கடந்துதான் உள்ளே போயிருக்கிறாள். ஒரு நாளும் அதைப் பற்றி மேவிஸிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் மனம் புண்படும். இந்த ஊரில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. புதுத் திரைச்சீலை கண்ணை உறுத்தினாலும் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காரில் ஏறிய பிறகு கணவனிடம் சொல்வார்கள். அவளுக்குக் காரில் சொல்ல யாரும் இல்லை. லோர்னிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நூலகத்தின் கீழ்த்தளத்தில், காலை ஏழரைக்கு. கடை திறப்பதற்கு முன் முடிய வேண்டும் என்பதால் அந்த நேரம். பேக்கரிக்காரர் பட்டர் டார்ட் இனிப்புகள் கொண்டுவந்திருந்தார். தலைவி ஹர்லீன் மருந்துக்கடைக்காரி. பஞ்சாபிலிருந்து பிராம்ப்டன் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து கில்மார் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கூட்டத்தை மாத்திரை எண்ணுவதுபோல் நடத்துவாள். வழக்கமாக யாரும் உட்காராத பார்வையாளர் நாற்காலிகளில் அன்று பதினான்கு பேர் இருந்தார்கள். முன் வரிசையில் மேவிஸ், தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டில்.

கூட்டக் குறிப்பு எழுதுவது கோரின்தான். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"ஆறாவது பொருள்" என்றாள் ஹர்லீன். "இதுல யாருக்காவது சொந்த லாப நஷ்டம் இருக்கா?"

லோர்ன் கையைத் தூக்கினார். "41 என் கட்டடம்."

"அப்ப வெளிய இருங்க, லோர்ன். முடிஞ்சதும் கூப்பிடறேன். டார்ட்ட எடுத்துட்டுப் போங்க."

விதி அதுதான். தனக்கு லாப நஷ்டம் உள்ள விஷயம் வந்தால் உறுப்பினர் அறையிலேயே இருக்கக் கூடாது. லோர்ன் எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர் போன பிறகுதான் கோரினுக்கு உறைத்தது. மே மாதத்துப் பேச்சு தெரிந்த ஒரே ஆள் இப்போது கதவுக்கு அந்தப்பக்கம் நிற்கிறார். அவர் சொல்லவும் மாட்டார். அறைக்குள் அது தெரிந்தவள் அவள் மட்டும்தான். அவள் வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. அந்தத் தளர்ச்சியை உணர்ந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேவிஸ் எழுந்து நின்றாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"எனக்குப் பேச வராது. குத்தகை என்னோடதும் லோர்னோடதும், அதுல நீங்க தலையிட முடியாதுன்னு ஹர்லீன் நேத்தே சொல்லிட்டாங்க. சரி. நான் கேக்கறது ஒண்ணுதான். நான் இன்னும் அந்தக் கடைக்குள்ளதான் இருக்கேன். உயிரோட இருக்கறவளக் காலின்னு எழுதாதீங்க. அந்த வரிய எடுத்துடுங்க." பார்வையாளர் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு. கோரின் தப்பு பண்ணிட்டான்னு சில பேரு பேசறீங்க. காகிதத்துல தப்பு வரும். ஆனா இந்த ஊர்லயே என் முகத்தப் பாத்து உண்மையச் சொன்னது அவ ஒருத்திதான். இவள வேலைக்கு எடுங்கன்னு நாலு வருஷம் முன்னாடி சொன்னேன். அது சரிதான்னு சொல்லிட்டுப் போகத்தான் இந்தக் கோட்டப் போட்டுட்டு வந்தேன்."

பின்னால் யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். ஹர்லீன் கோரினைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"அந்த வரிய எடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. யாராவது முன்மொழியுங்க."

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் கோரின்.

தன் குரல் தனக்கே கேட்டது. விரல்கள் இன்னும் விசைகளின் மேல் இருந்தன.

"சொல்லுங்க."

"மே மாசம் நான்தான் லோர்ன்கிட்டச் சொன்னேன். மேவிஸ் கடைக் கண்ணாடி தெருவையே கீழ இழுக்குதுன்னு. செத்துப்போனது தெரியாம நிக்கிற கடைன்னு. அவரு சிரிச்சாரு. அதுக்கப்புறம்தான் அந்தக் கண்ணாடி கண்ணுலயே பட்டுதுன்னு அவரே சொன்னாரு. வெள்ளிக்கிழமை நான் போனது முழுசா உண்மையச் சொல்றதுக்கு இல்ல. பாதியத்தான் சொன்னேன்."

பேக்கரிக்காரர் வாயில் போட்ட டார்ட்டை மெல்லாமல் இருந்தார். ஹர்லீன் பேனாவைக் கீழே வைத்தாள்.

மேவிஸ் உட்காரவில்லை. "அந்த மஞ்சள் தாளையா சொல்ற?"

"ஆமா."

"அது உருளையில மாட்டியிருக்கு, கோரின். கயித்த இழுத்தா மேல போயிடும்."

மேவிஸ் காற்றில் கயிற்றை இழுப்பதுபோல் கையை அசைத்தாள்.

"எங்கப்பா போட்டது. இப்ப வர்ற தோல் வெளுக்கறதுகூட இல்ல. காலைல கடை திறந்ததும் கை தானா இழுத்து விட்டுடும், அவ்வளவுதான். ஒரு நாள் சூப் குடிக்கறப்ப, மேவிஸ், அது அசிங்கமா இருக்குடின்னு சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன். நீ சொல்லல. உன் மனசுல நான் புண்பட்டுடுவேன்னு இருந்துது."

"ஆமா."

"என்னைய நல்லாப் பாத்துக்கிட்ட."

அதில் கேலி இருந்தது. கோரின் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அதுவும் ஒரு மறைப்பு என்று தோன்றியது. மேவிஸின் முகத்தில் கோபம் இல்லை. அளவு பார்க்கும் முகம் அது. ஒருவர் சொல்லும் எண்ணையும் உண்மையான எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது வரும் முகம். நான்கு வருடத்தில் அந்தப் பார்வை தன்மேல் விழுந்ததில்லை என்று கோரினுக்குத் தெரிந்தது.

ஹர்லீன் தொண்டையைச் செருமினாள். "இது குறிப்புல வரணுமா, வேணாமா? மேவிஸ், நீங்க சொல்லுங்க."

"எழுதட்டும். அவ சொன்னத அவளே எழுதட்டும்."

கோரின் எழுதினாள். குறிப்பில் 'நான்' என்று எழுதும் வழக்கம் இல்லை. ஒருங்கிணைப்பாளர் கூறினார் என்று எழுதினாள். யாரோ வேறொரு பெண்ணைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள்.

"அப்ப 41-ஐ எடுத்துடலாம்" என்றாள் ஹர்லீன்.

"வேணாம்" என்றாள் மேவிஸ். கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப யோசிச்சுப் பாத்தேன். ஜனவரியில நான் போயிடுவேன், கண் டாக்டரு வர ஏப்ரல் ஆகும். அதுவரைக்கும் வெறும் தரைய ஊரே நின்னு பாக்கும். என் அலமாரி இருந்த தடம் சுவத்துல தெரியும். அது யாருக்கும் தெரிய வேணாம். மறைச்சுடுங்க."

"என்ன படம் வேணும்?" என்று கோரின் கேட்டாள். "நீ சொல்ற படத்தப் போடறேன், மேவிஸ். எதுவானாலும்."

"ஷூ போட்டுடாத." மேவிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு மேசைக்கு அருகே வந்தாள். பட்டியலைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தாள். "அகலம் ஏழடின்னு போட்டிருக்க. தெருவுல நின்னு கண்ணாலயே அளந்தியா?"

"ஆமா."

"ஏழடி நாலங்குலம். உயரம் சரி. நாலங்குலம் விட்டா ஓரத்துல சந்து தெரியும்."

கோரின் ஏழடியை அழித்து, ஏழடி நான்கு அங்குலம் என்று எழுதினாள். மேவிஸ் நின்று அவள் எழுதி முடிப்பதைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் பொதுவாகப் போய்வருகிறேன் என்றாள். வெளியே கதவருகே லோர்ன் நின்றிருப்பார். கதவு திறந்து மூடியது. அங்கே எந்தப் பேச்சும் கேட்கவில்லை, படிகளில் ஏறிப் போகும் காலடிகள் மட்டும் கேட்டன.

"41-ஐயும் சேத்து, இந்தப் பட்டியல ஆதரிக்கறவங்க?" என்றாள் ஹர்லீன்.

நிர்வாகக் குழுவில் நான்கு கைகள் உயர்ந்தன. கோரின் அவற்றை எண்ணி எழுதினாள்.